கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கிறார்கள்: சின்ன கம்பெனிகள் என்ன செய்து வைக்கலாம்?

கொங்குநூல்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் காலர் நிட்டிங் யூனிட் நடத்துகிறேன். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட் இருக்கிறது. போன திங்கட்கிழமை காலையில் அங்கே கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. டெஸ்க்டாப்பில் ஒரு கடிதம், அதில் ஒரு மெயில் முகவரி, பிட்காயினில் பணம் கட்டினால் திறந்து தருவோம் என்று.

டேலி சாஃப்ட்வேரில் இருந்த கணக்கு, டிசைன் ஃபைல்கள், ஆட்களுடைய பீஸ் ரேட் விவரம் எல்லாம் போச்சு. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்திருக்கிறது, அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமை கூலியை சூப்பர்வைசரின் நோட்டைப் பார்த்தும் ஆட்களிடமே கேட்டும்தான் கொடுத்தார்கள். யாருக்கும் குறைத்துவிடக் கூடாதே என்று அந்த ஓனர் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன்.

நம்மைப் போன்ற யூனிட்டுகள் என்ன செய்து வைக்க வேண்டும்? ஒருவர் வந்து, வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வருவதை வடிகட்டும் ஃபயர்வால் சாதனம் வாங்குங்கள் என்று பெரிய தொகையாகச் சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையிலேயே தேவையா?

கம்பிவலை

கோவையில் சின்ன கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்து கொடுக்கிறேன். ஃபயர்வாலை அப்புறம் பேசுவோம். அந்த ஓனர் வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் வசதி வைத்திருந்தாரா?

கொங்குநூல்

வைத்திருந்தாருங்க. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அன்றைய கணக்கைப் பார்ப்பது அவர் வழக்கம். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்த பையன் ரூட்டரில் ஏதோ செட்டிங் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார்.

கம்பிவலை

அப்படியென்றால் அந்த வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சின்ன கம்பெனிகளில் நான் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வேறிடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க விண்டோஸில் உள்ள வசதிக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். அது வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க்கில் அந்த எண் கொண்ட வாசலில், இயங்கும். ரூட்டரில் அந்த போர்ட்டை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டால் ஓனர் வீட்டிலிருந்து லாகின் செய்யலாம். ஆனால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் அந்த லாகின் திரை வரை வந்து நிற்கலாம். இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கிடைத்ததும் அட்மின், அக்கவுண்ட்ஸ், டேலி என்று எளிதில் ஊகிக்கக்கூடிய யூசர் பெயர்களைப் போட்டு, ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்டுகளை முயன்று பார்க்கும். கம்பெனி பெயரோடு 123 சேர்த்து வைத்திருந்தால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. போர்ட் எண்ணை மாற்றிவிட்டோம், இனி கவலையில்லை என்று சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மற்ற எண்களையும் தேடத்தான் செய்கிறார்கள்.

உள்ளே நுழைந்தவன் பெரும்பாலும் உடனே பூட்டுவதில்லை. ஆன்டிவைரஸை நிறுத்துவான், பேக்கப் எங்கே போகிறது என்று பார்ப்பான், விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய நகல்களை அழிப்பான். பிறகு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வேலையை முடிப்பான். திங்கட்கிழமை காலையில் நிறையப் பேருக்கு இது தெரியவருவதற்குக் காரணம் அதுதான்.

நீங்கள் இன்றைக்கே ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால், என்ன என்று விசாரித்துவிட்டு மூடுங்கள். வீட்டிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி, போட்டுக்கொள்ளுங்கள். ஓரளவு நல்ல ரூட்டர்களிலேயே அந்த வசதி வருகிறது. ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். இதையெல்லாம் செய்யாமல் ஃபயர்வால் வாங்கி மாட்டினால், விற்றவரே வந்து அதே போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்.

மளிகை_மதுரை

தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் நம்மளவு கடைகளை எவன் தேடி வரப்போகிறான்? பெரிய பேங்க், பெரிய கம்பெனிக்கு வருகிற ஆபத்தைச் சொல்லி நம்மிடம் பொருள் விற்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கம்பிவலை

அண்ணே, விற்பவர்களைச் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன புரோகிராமுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. திறந்த போர்ட் எங்கே என்று மட்டும்தான் அது பார்க்கிறது. உள்ளே போன பிறகுதான் இது மளிகைக் கடையா, ஆஸ்பத்திரியா என்று ஆள் பார்க்கிறான்.

பெரிய இடத்துக்குப் போகும் வழியாகவும் நம்மைப் பயன்படுத்துவார்கள். அமெரிக்காவில் 2013 இல் டார்கெட் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் முதலில் நுழைந்தது அந்த நிறுவனத்துக்கு ஏசி, குளிர்பதன வேலை செய்து கொடுத்த ஒரு சின்ன காண்ட்ராக்டரின் கம்ப்யூட்டருக்குள். அங்கே கிடைத்த லாகினை வைத்துத்தான் பெரிய இடத்துக்குப் போனார்கள். திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்கிறவர்களில் எத்தனை பேரிடம், ஆர்டர் கொடுக்கும் பெரிய பையர்களுடைய போர்ட்டல் லாகின் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் கேஎன்பி என்று ஒரு லாரி கம்பெனி. 158 வருடப் பாரம்பரியம், சுமார் 500 லாரிகள். 2023 ஜூனில் அகிரா என்ற கும்பல் ஒரு ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே போனதாகச் சொல்லப்படுகிறது. கணக்குகள் பூட்டப்பட்டன. சில மாதங்களில் கம்பெனியே மூடப்பட்டது, சுமார் 700 பேருக்கு வேலை போயிற்று. சைபர் இன்சூரன்ஸ் வைத்திருந்தும் மீளவில்லை. கடன் கேட்டுப் போகும்போது காட்ட வேண்டிய நிதிக் கணக்கு கையில் இல்லாததுதான் அவர்களைச் சாய்த்தது.

சிவகாசி_அச்சு

நம் ஆட்கள் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, நான் சொல்லிவிடுகிறேன். அச்சுத் தொழிலில் பாதி இடங்களில் டிசைன் சாஃப்ட்வேர் கிராக் செய்தது. அதை இன்ஸ்டால் செய்யும்போது முதல் வரியே "ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்றுதான் இருக்கும். நிறுத்துகிறோம், திரும்பப் போடுவதில்லை. கூடவே என்ன உள்ளே வந்தது என்று எவருக்கும் தெரியாது. பணம் போட முடியாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்றவற்றைப் பழகலாம். கஷ்டம்தான், ஆனால் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. அந்த பிரிண்டிங் ஓனர் பணம் கட்டலாமா? எங்களுக்கு ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியிட்ட பிறகு ஆர்டர் குவியும். அந்த நேரத்தில் டிசைன் ஃபைல் எல்லாம் போனால் ஒரு வருடச் சம்பாத்தியமே போகும். கட்டாதே என்று சொல்வது சுலபம், அந்த இடத்தில் நிற்பவனுக்குத்தான் வலி தெரியும்.

கம்பிவலை

உங்கள் கவலை புரிகிறது. நான் கட்டச் சொல்லமாட்டேன். கட்டியும் சாவி வராமல் போனவர்கள் உண்டு, சாவி வந்தும் பாதி ஃபைல் கெட்டுப்போய்க் கிடைத்தவர்களும் உண்டு. கட்டுகிறவர் என்று தெரிந்துவிட்டால் மறுபடியும் வருவார்கள்.

இப்போது அவர் செய்ய வேண்டியது: எல்லாக் கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைக்க வேண்டும். பூட்டப்பட்ட ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் செய்யவே கூடாது. அந்தக் கடிதத்தையும் பூட்டப்பட்ட ஃபைல்கள் இரண்டு மூன்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, 'நோ மோர் ரேன்சம்' இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கட்டும். நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016 இல் தொடங்கிய இலவச சேவை அது. எந்த வகை என்று கண்டுபிடித்து, திறக்கும் கருவி இருந்தால் கொடுக்கும்.

எல்லா வகைக்கும் கருவி கிடையாது, பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. ஆனால் இன்றைக்கு இல்லாதது பின்னால் வரலாம். ஃபோபோஸ் என்று ஒன்று திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சின்ன கம்பெனிகளையே குறிவைத்துப் பல வருடம் ஆட்டிப் படைத்தது. 2025 ஜூலையில் ஜப்பான் போலீஸ் அதற்கு இலவசக் கருவி வெளியிட்டது. பழைய டிஸ்கைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அதனால் பயன் உண்டு. ஃபார்மேட் செய்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு புது டிஸ்க் வாங்கும் செலவுதான், அதைப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

தறிமகள்

நான் ஏற்றுமதி கம்பெனியில் மெர்சன்டைசிங் பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைப் பூட்டுவது பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய இழப்பு சத்தமே இல்லாமல் மெயிலில் நடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் கதை. ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை. பையரிடம் கேட்டால், "நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்கு அனுப்பிவிட்டோமே" என்கிறார். இவர்கள் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை. பார்த்தால், இவர்களுடைய மெயிலுக்குள் எவனோ பல வாரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். இன்வாய்ஸ் எண், தொகை, பேசும் பாணி எல்லாம் அவனுக்குத் தெரியும். சரியான நேரம் பார்த்து, "ஆடிட் நடப்பதால் இந்த முறை கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும்" என்று ஒரு மெயில். அனுப்பிய முகவரியில் ஆங்கில எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறான். சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பணம் போனது ஒரு பக்கம், யார் பொறுப்பு என்று பையரோடு வந்த மனக்கசப்பு இன்னொரு பக்கம். வருடக்கணக்கான உறவு அதோடு முறிந்தது. எனக்கு அதுதான் அதிக வருத்தம்.

இதற்கு நாங்கள் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம்: வங்கிக் கணக்கு மாறியதாக யார் மெயில் அனுப்பினாலும், பழைய ஒப்பந்தத்திலோ விசிட்டிங் கார்டிலோ உள்ள எண்ணுக்கு நாமே போன் செய்து, தெரிந்த குரலில் கேட்ட பிறகுதான் பணம் அனுப்புவோம். அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் எண்ணைத் தொடவே மாட்டோம். "எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை ஒருபோதும் மெயிலில் தெரிவிக்கமாட்டோம்" என்று எங்கள் இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிட்டோம். பையர்களுக்கும் அது பிடித்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து மெஷின் பாகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய வங்கிகளின் கணக்கு எண்ணான ஐபேனில் முதல் இரண்டு எழுத்தும் நாட்டைக் குறிக்கும். ஜெர்மனி என்றால் டிஇ. ஜெர்மன் கம்பெனிக்குக் கட்டும் பணம் வேறு நாட்டு எழுத்தில் தொடங்கும் கணக்குக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

கம்பிவலை

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மெயிலுக்குள் ஆள் புகுந்தது தெரிந்ததும் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிறார்கள். அவன் உள்ளே இருந்தபோதே, "இன்வாய்ஸ் என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் எனக்கும் ஒரு நகல் அனுப்பு" என்று ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருப்பான். பையர் அனுப்பும் பதிலை நீங்கள் எட்டிப் பார்க்காத ஃபோல்டருக்குத் தள்ளிவிடும்படியும் வைத்திருப்பான். பாஸ்வேர்ட் மாறினாலும் ஃபில்டர் அப்படியே வேலை செய்யும். அதனால் மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ ஸ்டெப் சரிபார்ப்பைப் போடுங்கள், அதுவும் ஓனர், கணக்கர் இருவர் மெயிலுக்கும் முதலில்.

கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரி, அதாவது சொந்த டொமைன், வைத்திருப்பவர்கள் எஸ்பிஎஃப், டிமார்க் என்ற இரண்டு செட்டிங்குகளையும் சரியாக அமைக்கச் சொல்லுங்கள். உங்கள் முகவரியையே அப்படியே போட்டு வரும் போலி மெயிலை அது தடுக்கும். அக்கா சொன்ன எழுத்து மாற்றும் வித்தையை அது தடுக்காது, அதற்குப் போன் செய்துதான் ஆக வேண்டும்.

வரவுசெலவு

ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். பணம் தவறான கணக்குக்குப் போனது தெரிந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930 க்கு அழையுங்கள், சைபர் கிரைம் தேசிய போர்ட்டலிலும் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து வங்கிகளுக்குத் தகவல் போய், பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். திருடர்கள் அதை ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அதனால் முதல் சில மணி நேரம்தான் நமக்கு இருக்கிறது. "ஓனர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் சொல்லலாம்" என்று கணக்கர் காத்திருந்து பணம் போன கதைகள் எங்களிடம் வருகின்றன. ஓனரைக் கேட்காமலே 1930 க்கு அழைக்கலாம் என்று கணக்கரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்டுவார்களோ என்று பயப்படும் ஊழியர்தான் மறைப்பார்.

வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால் உங்கள் வங்கிக் கிளைக்கு உடனே போய், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகத் திரும்பக் கேட்கும் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கி திருப்பித் தருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் மூன்றாவது ஆளால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தால், உங்களுக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் போலி மெயிலை நம்பி நீங்களே அனுப்பிய பணத்துக்கும், ஓடிபியை நீங்களே சொன்னதற்கும் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் தறிமகள் சொன்ன போன் வழக்கத்தை எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது போன்ற சம்பவத்தை, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. சின்ன கம்பெனிகளில் பெரும்பாலானோருக்கு இது தெரியவே தெரியாது.

ஜிஎஸ்டி நோட்டீஸ் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஃபைலையும் திறக்காதீர்கள். அதுவும் ஏபிகே என்று முடிந்தால் அது நோட்டீஸே அல்ல, போனுக்குள் புகும் செயலி. போர்ட்டலில் நீங்களே லாகின் செய்து பாருங்கள், அல்லது எங்களைக் கேளுங்கள்.

மளிகை_மதுரை

சரி, நான் முதலில் சொன்னதை விட்டுவிடுகிறேன். எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் மேலேயே ராத்திரி வேறு க்யூஆர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். கூட்ட நேரத்தில் கடைப் பையன் என்ன செய்வான்? நான் க்யூஆரைக் கல்லாவுக்கு உள்பக்கம் மாற்றி, ஸ்பீக்கர் சொன்னால்தான் பொருள் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் என்னை வாட்டியது வேறு. எவனோ ஏமாற்றிச் சம்பாதித்த பணத்தில் என் கடையில் சாமான் வாங்கியிருக்கிறான். வேறு மாநிலப் போலீஸ் சொன்னதாக என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். சில்லறைத் தொகைக்காக முழுக் கணக்கும் நின்றால் மொத்த வியாபாரிக்கு நான் எப்படிக் கொடுப்பது? தப்பு செய்யாதவன் ஏன் அலைய வேண்டும்?

வரவுசெலவு

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. இது நிறைய கடைக்காரர்களுக்கு நடக்கிறது. வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. கிடைத்ததும் அந்தப் பில், ஜிஎஸ்டி விவரம், கடை உரிமம் ஆகியவற்றை இணைத்து அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள், முழுக் கணக்கையும் விட்டுவிட்டுச் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கக் கேளுங்கள். இப்படி முழுக் கணக்கையும் முடக்கிய ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 இல், குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க அனுமதித்தது. வழக்கறிஞரிடம் போனால் அதைச் சொல்லுங்கள்.

கடை வசூலுக்கு ஒரு கணக்கு, சரக்கு வாங்கவும் சம்பளத்துக்கும் வேறு வங்கியில் ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வதும் நல்லது. ஒன்று முடங்கினாலும் கடை ஓடும்.

சிவகாசி_அச்சு

பேக்கப் பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். கூகுள் டிரைவில் போட்டால் போதுமா?

கம்பிவலை

கம்ப்யூட்டரோடு தானாக ஒத்துப்போகும் டிரைவ் தனியாகப் போதாது. இங்கே ஃபைல் பூட்டப்பட்டால், பூட்டப்பட்டதே அங்கேயும் போய்ச் சேரும். பழைய பிரதியைத் திரும்ப எடுக்க வசதி உண்டு, ஆனால் அதற்குக் கால வரம்பு இருக்கிறது, ஆயிரம் ஃபைலை ஒவ்வொன்றாக மீட்பதும் பெரும்பாடு.

நான் அமைத்துக் கொடுப்பது இப்படி. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பேக்கப் எடுத்ததும் கழற்றி ஓனர் வீட்டுக்குப் போய்விடும், அடுத்த முறை மற்றது. இரண்டும் ஒரே நேரத்தில் ஆபீஸில் இருக்கக் கூடாது. தினக் கணக்கு மட்டும் கூடுதலாக கிளவுடில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேமிக்காத தனி பாஸ்வேர்டோடு. டிசைன் ஃபைல் அளவில் பெரியது, அதை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். டேலியோ வருகைப் பதிவோ தினமும் மாறுவது, அதை வாரம் ஒருமுறை என்று விட்டால் சனிக்கிழமை கூலி போட முடியாது.

எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. மாதக்கணக்கில் பேக்கப் எடுத்தும், தவறான ஃபோல்டரை எடுத்திருந்தது கடைசி நேரத்தில் தெரிந்த கம்பெனிகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்த ஓனர்களிடம் சொல்ல என்னிடம் எதுவுமே இருந்ததில்லை.

கொங்குநூல்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் ரூட்டரிலும் அந்த போர்ட் திறந்துதான் இருந்தது, மூடியாச்சு. கணக்கரின் மெயிலில் ஃபில்டர் பார்த்தோம், ஒன்றும் இல்லை. பக்கத்து யூனிட்டில் டிஸ்கைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு வந்த வகைக்குக் கருவி இன்னும் இல்லையாம். ஆடிட்டரிடம் இருந்த ஜிஎஸ்டி ரிட்டர்னையும் பார்ட்டிகளிடம் இருந்த பில்களையும் வைத்துக் கணக்கைத் திரும்ப எழுதுகிறார்கள். எங்கள் கணக்கரை மாலை நேரத்தில் அங்கே அனுப்புகிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். காலர் மெஷினுக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் புதிய விண்டோஸில் ஓடாது என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது என்று தெரியும். ஆனால் அதை மாற்றினால் மெஷினையே மாற்ற வேண்டும். என்ன செய்வது?

கம்பிவலை

மாற்ற வேண்டாம், இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து, அதில் மெயிலும் பிரவுசரும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிசைனைக் கொண்டுபோக ஒரே ஒரு பென் டிரைவ், வேறெதற்கும் பயன்படாதது. அதை முதலில் ஆன்டிவைரஸ் உள்ள கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டுத்தான் இங்கே செருக வேண்டும். மெஷின் இப்போது நன்றாக ஓடும்போதே அந்த ஹார்ட் டிஸ்கை முழுவதுமாக ஒரு நகல் எடுத்து, மெஷின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். பழைய டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் தானாகவே போகலாம், அப்போதும் அதுதான் கைகொடுக்கும். ஆபீஸில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கணக்கர் உட்காரும் கம்ப்யூட்டரை முதலில் மாற்றுங்கள்.